காசு தந்தவருக்கா, வாக்குத் தந்தவருக்கா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளைக் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் தம் பதவியில் அதிகம் கடமைப்பட்டு நடப்பது காசு தந்தவருக்கா, வாக்குத் தந்தவருக்கா என்பது தலைப்பு. காசு தந்தவருக்கே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்தார். நன்கொடைக்கும் வாக்களிப்புக்கும் தொடர்பு இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை என்பது முதலாவது. சட்டம் அனுமதிக்கும் தொகை மிகச் சிறியது, அதற்குப் போய் ஒரு செனட்டர் விலைபோவாரா என்பது இரண்டாவது. தவறு செய்தால் அடுத்த தேர்தலில் வாக்காளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பது மூன்றாவது. அரங்கில் கைதட்டல் பலமாகவே இருந்தது. நானும் தட்டினேன், பேச்சுக்காகத் தட்டினேனே தவிர வாதத்துக்காக அல்ல.

முதல் வாதத்துக்கு அவர் காட்டிய ஆதாரம், 2003இல் அன்சோலபெஹேர், டி ஃபிகெய்ரெடோ, ஸ்னைடர் ஆகிய மூன்று அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை. காங்கிரஸ் வாக்கெடுப்புகளைப் பற்றிய ஏறத்தாழ 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அவர்கள், நான்கில் மூன்றில் நன்கொடையின் தாக்கம் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்றும், சிலவற்றில் எதிர்த்திசையில்கூட இருந்தது என்றும், உறுப்பினரின் கட்சியும் கொள்கையும் தொகுதியின் விருப்பமுமே வாக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்றும் எழுதினார்கள். நேர்மையான ஆய்வு அது. அதைக் குறைசொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. ஆனால் அந்த 40 ஆய்வுகளும் எதை எண்ணின? அவையில் பெயர்வாரியாகப் பதிவான வாக்குகளை மட்டுமே எண்ணின. ஒரு மசோதா அந்த வாக்கெடுப்புக்கு வந்து சேருமுன் துணைக்குழு, குழு, திருத்தங்கள், தலைவர்களின் பேச்சுவார்த்தை என எத்தனையோ இடங்களைக் கடந்து வருகிறது. வழியிலேயே முடிந்துபோகும் மசோதாக்களே மிகப் பெரும்பாலானவை. பந்தியில் யார் எதைச் சாப்பிட்டார் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எதைச் சமைப்பது என்று முன்தினமே முடிவு செய்தவர் யார் என்று கேட்பதல்லவா முறை?

நடுவர் அவர்களே, இதற்குச் சான்றாக 1987ஆம் ஆண்டுக்குச் செல்கிறேன். கலிபோர்னியாவில் லிங்கன் என்ற சேமிப்பு நிறுவனத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் சார்ல்ஸ் கீட்டிங். பொதுமக்களின் சேமிப்பை ஆபத்தான முதலீடுகளில் இறக்கியதற்காகக் கூட்டாட்சி அரசின் கண்காணிப்பு அதிகாரிகள் அந்த நிறுவனத்தைத் துருவிக்கொண்டிருந்தார்கள். கிரான்ஸ்டன், டிகான்சினி, கிளென், மக்கெய்ன், ரீகிள் என்ற ஐந்து செனட்டர்களுக்கும் அவர்கள் சார்ந்த அமைப்புகளுக்குமாகக் கீட்டிங் தரப்பிலிருந்து ஏறத்தாழ 13 லட்சம் டாலர் போயிருந்தது. இவர்களில் கிளென், பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்க விண்வெளி வீரர்; மக்கெய்ன், வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையிருந்த போர்வீரர். யாரும் லேசுப்பட்டவர்கள் அல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த ஏப்ரல் 2ஆம் தேதி, செனட்டர் டிகான்சினியின் அலுவலகத்துக்குக் கண்காணிப்பு வாரியத்தின் தலைவர் எட்வின் கிரே அழைக்கப்பட்டார். உதவியாளர்கள் எவரையும் உடன் அழைத்து வரக் கூடாது. ஒரு வாரம் கழித்து, லிங்கனை நேரடியாகத் தணிக்கை செய்துகொண்டிருந்த சான்பிரான்சிஸ்கோ அதிகாரிகள் வரவழைக்கப்பட்டார்கள். இது குற்ற வழக்காகப் போகவிருக்கிறது என்று அவர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள்: விசாரணை சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்டு வாஷிங்டனுக்கு மாறியது. 1989இல் லிங்கன் கவிழ்ந்தபோது அரசுக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 300 கோடி டாலர். தாய் நிறுவனத்தின் கடன் பத்திரங்களை வாங்கி ஏமாந்தவர்கள் 20,000 பேருக்கும் மேல், அவர்களில் பலர் முதியவர்கள்.

இந்த விவகாரம் முழுவதிலும் வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததா? நடக்கவில்லை. எதிரணித் தலைவர் காட்டிய கணக்கில் இந்த ஐவரின் கட்டத்தில் சுழியம்தான் இருக்கும். தம் பணம் இந்த அரசியல்வாதிகளைத் தமக்காகப் பரிந்து பேச வைத்ததா என்று கேட்டவர்களுக்குக் கீட்டிங் பத்திரிகையாளர்கள் முன் சொன்ன பதில், 'அப்படித்தான் நடந்திருக்கும் என்று நிச்சயமாக நம்புகிறேன்' என்பது. கொடுத்தவரே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, வாங்கியவருக்காக எதிரணியினர் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அது பழைய கதை என்பார்கள். சரி, அண்மைக்கு வருவோம். ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ஓர் அரசியல் அமைப்போடு சேர்ந்து 191 காங்கிரஸ் அலுவலகங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு மசோதா பற்றிப் பேச உறுப்பினரைச் சந்திக்க வேண்டும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே மாதிரிக் கோரிக்கை போனது. சில அலுவலகங்களுக்கு மட்டும், வரவிருப்பவர்கள் நன்கொடையாளர்கள் என்று தெரிவிக்கப்பட்டது. மற்றவற்றுக்கு, தொகுதிவாசிகள் என்று மட்டும். வந்தவர்களோ இரு தரப்பிலும் ஒரே வகையினர்தாம். நன்கொடையாளர் என்ற சொல் இருந்த இடங்களில், உறுப்பினரோ அவருடைய தலைமை அதிகாரியோ நேரம் ஒதுக்கியது மூன்று நான்கு மடங்கு அதிகம். மற்றவர்களைப் பெரும்பாலும் கீழ்நிலை ஊழியர்களே சந்தித்து, குறிப்பெடுத்து அனுப்பிவைத்தார்கள். வாக்கை மாற்றுவது அப்புறம் இருக்கட்டும். காது கொடுப்பதிலேயே இத்தனை வேறுபாடு இருக்கிறது.

தென் கரோலினாவின் முன்னாள் பிரதிநிதி மிக் மல்வேனி இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னவர். 2018 ஏப்ரலில் வங்கியாளர்கள் மாநாட்டில் பேசிய அவர், தம் காங்கிரஸ் அலுவலகத்தில் ஒரு வரிசைமுறை இருந்தது என்றார்: பணமே தராத லாபியிஸ்டோடு, அதாவது நிறுவனங்களுக்காக அரசியல்வாதிகளிடம் பரிந்து பேசுவதையே தொழிலாகக் கொண்டவரோடு, பேசமாட்டாராம், பணம் தந்த லாபியிஸ்டோடு பேசினாலும் பேசுவாராம். அதே பேச்சில், ஊரிலிருந்து வந்து தம் அலுவலக வரவேற்பறையில் உட்காரும் தொகுதிவாசியோடு பணம் தந்தாரா என்று பாராமல் கட்டாயம் பேசுவேன் என்றும் சொன்னார். அந்த வரியை எதிரணியினர் நிச்சயம் எடுத்து வீசுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். சொந்த வேலைக்கு விடுப்புப் போட்டு, பயணச் செலவு செய்து, அவருடைய தொகுதியிலுள்ள ராக் ஹில்லிலிருந்து வாஷிங்டன் வந்து வரவேற்பறையில் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? அதே வேலையை மாதச் சம்பளத்துக்குச் செய்பவர்தானே லாபியிஸ்ட்!

இனி, வாக்கெடுப்பின் உள்ளேயே வருகிறேன். அங்கும் எதிரணிக்கு முழு வெற்றி இல்லை. பெரும்பாலான ஆய்வுகளில் தொடர்பு தென்படாமல் போவதற்கு முக்கியக் காரணம், ஏற்கெனவே தம் பக்கம் நிற்பவருக்கே நன்கொடையாளர் பணம் தருகிறார் என்பதுதான். நட்பு முதலில் வந்ததா, பணம் முதலில் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். தாமஸ் ஸ்ட்ராட்மன் என்ற பொருளாதார அறிஞர் 2002இல் இதற்கு நல்ல வழி ஒன்றைக் கண்டார். வணிக வங்கித் தொழிலையும் பங்குச் சந்தைத் தொழிலையும் பிரித்துவைத்த 1933ஆம் ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டத்தைத் தளர்த்துவது குறித்துப் பிரதிநிதிகள் சபை 1991இலும் 1998இலும் வாக்களித்தது. முதல்முறை தோற்றது, இரண்டாம் முறை 214க்கு 213 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. இரண்டு முறையும் அவையில் இருந்த அதே உறுப்பினர்களை எடுத்து, இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு வந்த பணம் எப்படி மாறியது என்று அவர் ஒப்பிட்டார். அதே மனிதர், பெரும்பாலும் அதே கட்சி, அதே தொகுதி. வங்கித் துறையிலிருந்து கூடுதலாக வந்த ஒவ்வொரு 10,000 டாலருக்கும், ஆதரித்து வாக்களிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளி உயர்ந்திருந்தது. ஒரு வாக்கில் முடிந்த தீர்மானத்தில் 8 சதவீதப் புள்ளி சிறியதா பெரியதா என்பதை நடுவர் அவர்களின் முடிவுக்கே விடுகிறேன்.

அடுத்தது, தொகை சிறியது என்ற வாதம். 2024 தேர்தலில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குத் தரக்கூடிய உச்சவரம்பு 3,300 டாலர் என்பது உண்மைதான். 2010இல் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளருக்கு வெளியே நின்று செலவிடுவதற்கு வரம்பே இல்லை என்பதை நண்பர் சொல்ல மறந்துவிட்டார். போகட்டும், வரம்புக்குள் தரும் பணத்தையே பார்ப்போம். ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் குழு புதிதாக வென்ற உறுப்பினர்களுக்குக் காட்டிய மாதிரி நாள் அட்டவணை 2013இல் வெளியே வந்தது. அதில் நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் அழைக்க நாளுக்கு 4 மணி நேரம். குழுக் கூட்டத்துக்கும் அவைக்கும் சேர்த்து 2 மணி நேரம். தொகுதி மக்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம். அரசு அலுவலகத்தில் அமர்ந்து பணம் கேட்பது சட்டப்படி குற்றம் என்பதால், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகிலுள்ள கட்சி அலுவலகத்துக்கு நடந்துபோய், சிறிய அறையில் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியுமாக உட்காருகிறார்கள். அந்தப் பட்டியலில் பள்ளி ஆசிரியையின் பெயர் இருக்காது; 3,300 டாலரை யோசிக்காமல் தரக்கூடியவரின் பெயர்தான் இருக்கும். நாள்தோறும் 4 மணி நேரம் அப்படிப்பட்டவர்களின் கவலைகளை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, நாட்டின் கவலை எதுவாகத் தோன்றும்? இங்கே விலைபேசுதல் என்ற குற்றம் நடக்க வேண்டியதே இல்லை. பழக்கம் போதும், செஞ்சோற்றுக் கடனும் போதும்.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு போன்றவற்றில் உறுப்பினர் பணத்தைவிடத் தொகுதிக்கே அதிகம் அஞ்சுகிறார். அவை தெருவெல்லாம் பேசப்படும் விஷயங்கள். ஒவ்வொரு வாக்கையும் ஊர் கவனிக்கிறது. ஆனால் வரிச் சட்டத்தின் ஒரு துணைப்பிரிவை ஊர் கவனிக்கிறதா? கவனிக்காத இடம் பார்த்துத்தான் பணம் வேலை செய்கிறது.

இதுவே மூன்றாவது வாதத்துக்கும் என் பதில். 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் செனட்டுக்கு வந்தது. தனியார் முதலீட்டு நிதிகளின் மேலாளர்கள், தங்களுக்குக் கிடைக்கும் லாபப் பங்கைச் சம்பளமாகக் காட்டாமல் மூலதன ஆதாயமாகக் காட்டிக் குறைந்த வரி கட்டும் சலுகையை நெருக்கும் ஒரு பிரிவு அதில் இருந்தது. பத்தாண்டுகளில் 1,400 கோடி டாலர் வருவாய் தரும் என்று மதிப்பிடப்பட்ட பிரிவு அது. செனட் 50க்கு 50 என்று பிரிந்திருந்த நிலையில், அப்போதைய அரிசோனா செனட்டர் கிர்ஸ்டன் சினிமா அந்தப் பிரிவை நீக்கினால்தான் ஆதரிப்பேன் என்றார், நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் அந்தத் துறையினரிடமிருந்து அவருக்கு 10 லட்சம் டாலருக்குச் சற்றே குறைவான நன்கொடை வந்திருந்ததை அசோசியேட்டட் பிரஸ் கணக்கிட்டு வெளியிட்டது. அரிசோனாவுக்கு எது நல்லது என்பதை வைத்தே அவர் முடிவெடுக்கிறார் என்று அவருடைய அலுவலகம் விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தை இந்த அவை அறிந்துகொள்வது நியாயம்தான். ஆனால் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இறுதி வாக்கெடுப்பில் அவர் மசோதாவுக்கு 'ஆம்' என்றுதான் வாக்களித்திருக்கிறார். துணை அதிபரின் வாக்கோடு 51க்கு 50இல் அது நிறைவேறியது. ஆய்வாளரின் கணக்கில் அவர் நன்கொடையாளருக்கு எதிராகக்கூட எண்ணப்படலாம்.

அந்தப் பிரிவை நீக்கலாமா வேண்டாமா என்று அவையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. பேச்சுவார்த்தையிலேயே அது முடிந்தது. அடுத்து வரவிருக்கும் எதிரணிப் பேச்சாளரிடம் எனக்கு ஒரே கேள்விதான்: அதற்காகத் தன் செனட்டரை வீட்டுக்கு அனுப்ப விரும்பிய அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்து வாக்காளர், எந்தத் தேதியில் பதிவான எந்த வாக்கைக் காட்டி அவரிடம் விளக்கம் கேட்டிருப்பார்? நன்றி, வணக்கம்.