மலைப் பள்ளத்தாக்குக்கு டிஜிட்டல் வானொலி ஏன் வேண்டும்?

அன்பர்களே, வணக்கம். மூணாறிலிருந்து பேசுகிறேன். இன்று டிஜிட்டல் வானொலியைப் பற்றிப் பேசப் போகிறேன். கைப்பேசியில் இணையம் வழியாகக் கேட்கும் வானொலி வேறு. தரவுக் கட்டணமும் கைப்பேசிக் கோபுரமும் இல்லாமல் வான்வழியே நேராகப் பெட்டிக்கு வரும் ஒலிபரப்பே இன்றைய பொருள்.

பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், இடையில் ஒரு முகடு எழுந்தாலே அதன் மறுபுறத்து லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளுக்கு, ஒலி சேராது. மத்திய அலை நிலத்தையொட்டி வளைந்து நெடுந்தொலைவு போகும். ஆனால் அதில் இரைச்சல் மிகுதி. அந்த மத்திய அலையிலேயே, ஏறத்தாழ 9 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசைக்குள், ஒலியை எண்களாகச் சுருக்கி அனுப்பும் முறைதான் டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் ரேடியோ மோண்டியால். ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளையும் எழுத்துச் செய்திகளையும் அனுப்பலாம் என்பதால், தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எங்கள் இடுக்கி மாவட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இதில் நான் பெரிதும் மதிப்பது அவசர எச்சரிக்கை வசதியை. நிலையம் ஆபத்துக் குறிப்பை அனுப்பியதும், அவ்வசதி கொண்ட பெட்டி, கேட்டுக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை விட்டுத் தானாகவே எச்சரிக்கைக்கு மாறிவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகேயுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரின் உயிரைக் கொண்டுபோனபோது, அங்கே மின்சாரமும் தொலைத்தொடர்பும் முன்பே அறுந்திருந்தன; செய்தி வெளியே தெரிய மறுநாள் காலையானது. ஒரு வானொலி அந்தச் சரிவைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மின்கலத்தில் இயங்கி, உள்ளூர்க் கோபுரம் எதையும் நம்பாமல் எச்சரிக்கையைப் பெறக்கூடிய கருவி ஒவ்வொரு லயத்திலும் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மலைநாடான நார்வே, டி.ஏ.பி. (DAB) என்னும் வேறொரு டிஜிட்டல் வானொலி முறையைத் தேர்ந்து, 2017-இல் தேசிய நிலையங்களின் பண்பலையை நிறுத்தியது. நேயர்களில் பாதிப்பேராவது அன்றாடம் டிஜிட்டல் வழியாகக் கேட்கவேண்டும் என்பது, அதற்கு முன்பே அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. நாம் மறுமுனையிலிருந்து தொடங்கினோம். அகில இந்திய வானொலி 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் டி.ஆர்.எம். அலைபரப்பிகளை நிறுவியிருந்தும், தேயிலை பறிக்கும் ஒருவர் தம் கூலியில் வாங்கக்கூடிய விலையில் பெட்டிகள் கடைக்கு வரவில்லை. பெட்டி இல்லாததால் நேயர் இல்லை. நேயர் இல்லாததால் பெட்டி செய்வோரும் இல்லை. பேரிடர் மேலாண்மைக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து மலைக் கிராமங்களுக்கு முதலில் பெட்டிகளை வாங்கிக் கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும் என்பது என் கருத்து.

அதுவரை பழைய ஒலிபரப்பையும் நிறுத்தக் கூடாது. அலை வலுவிழந்தால் பழைய வானொலி இரைச்சலோடாவது பேசும். டிஜிட்டலோ ஓர் எல்லைக்குக் கீழே போனதும் அடியோடு நின்றுவிடும்.

இந்தியாவில் அண்மைக் காலத்தில் விற்பனையான கார்கள் பலவற்றில் டி.ஆர்.எம். வசதி ஏற்கெனவே உண்டு. குமுளி, போடிமெட்டு, ஆரியங்காவு வழியாக வந்துபோகும் அன்பர்கள் தங்கள் காரின் வானொலிப் பட்டியலில் அதைத் தேடி, எந்த வளைவு வரை ஒலி கிடைத்தது, எங்கே நின்றது என்று எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து, ஊர்ப் பெயர்களோடு வானொலி நிலையத்திற்கு மனுவாக அனுப்பவிருக்கிறேன்.