பாயில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ இளைஞர்களின் சோதனைகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கைப்பேசி, குடி, காதல், காப்பியடித்தல் என்ற பட்டியல் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். கைப்பேசியில் வேதம் வாசிக்கும் பையனின் திரையில், சங்கீதத்தின் தலைக்கு மேலேயே சூதாட்ட விளம்பரம் இறங்குவதை நானும் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டிக்க ஆள் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிறிய சபையில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி ஒருநாள் எழுந்து கேட்டாள்: "சார், சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களையும் சேர்த்துத்தானே கடல் கொண்டுபோனது?"

2004 டிசம்பர் 26-இல் அவள் பிறந்திருக்கவில்லை. ஆனால் பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு மாமாவின் படம் தொங்குகிறது. கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். அந்தப் படத்தைப் பார்த்தபடியே வளர்ந்தவள் அவள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேவ சித்தம் அம்மா. இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. ஜெபம் பண்ணு." அவள் உட்கார்ந்தாள். அடுத்த மூன்று மாதம் வகுப்புக்கு வரவில்லை. டியூஷன் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் வசதியாக நம்பிக்கொண்டேன்.

ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் கடவுளிடம் முறையிடுவதில்தான் தொடங்குகிறது. சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றுதான் கதறினார். சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். அவரை யாரும் சபையைவிட்டு அனுப்பவில்லை. இதையெல்லாம் வகுப்பில் நடத்தியவனே நான்தான்!

அவள் வீட்டுக்குப் போய், "உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவன் போலப் பேசியது தப்பு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. காபி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த ஞாயிறு வந்தாள்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். போதிக்க வந்தவர் முதலில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆண்டுதோறும் அவர் பெயரில் விழா எடுக்கும் நாம் மேடையில் நாற்காலி போட்டுக்கொள்கிறோம்.

அதனால் வகுப்பில் நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தேன். வந்தது வம்பு. போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "திருவிருந்தில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். கல்யாணத்துக்கு மட்டும் ஏன் சார் சாதி பார்க்கிறார்கள்?"

பழைய வழக்குதான். 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பையனிடம் நான் வரலாறு சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டது தன் அக்காவுக்காக.

வரும் ஞாயிறு போதகர் ஐயாவையும் சபை மூப்பர்கள் இருவரையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். மூட்டு வலி என்று ஒரு மூப்பர் நாற்காலி கேட்டார். தலையணை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.