நாக்கில் சாயம் ஏற்றும் பழம்: கொடிமலையில் இரண்டு செண்டுடுக், ஒன்றுதான் நம்முடையது!

[ஈரமான மலைப்பாதை. உள்ளங்கையில் ஒரு பழம்.]

வணக்கம் மக்களே! இந்தப் பழத்தைப் பாருங்கள். கருநீலம், பட்டாணி அளவு, உடம்பெல்லாம் ரோமம். இதற்குள் நூற்றுக்கும் மேலான விதைகள். பினாங்கு கொடிமலையை இது சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? சரி, கொஞ்சம் மசாலா தூவிவிட்டேன். ஆனால் விஷயம் உண்மைதான்.

தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறியவர்கள் கை தூக்குங்கள்! அங்கிருந்து தாவரவியல் பூங்கா பக்கம் வந்து, மூன் கேட் வழியாக மலை ஏறும்போது ஓரத்தைக் கவனியுங்கள். இந்தப் பழத்தின் புதர்ச்செடி அங்கே நிற்கும்: கிளிடெமியா ஹிர்டா. மலாயில் செண்டுடுக் புலு. புலு என்றால் ரோமம். ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. 1880களில் கோஸ்டர் என்பவரின் காப்பி நாற்றுகளோடு ஃபிஜிக்குப் போய்ச் சேர்ந்ததால் 'கோஸ்டரின் சாபம்' என்று பட்டம். வரலாறு முடிந்தது, தூங்கிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பள்ளி விட்டு வரும் வழியில் செண்டுடுக் பழத்தைத் தின்றுவிட்டு, யார் நாக்கு அதிகம் கறுத்திருக்கிறது என்று போட்டி நடக்குமாம். அது ரோமம் இல்லாத செண்டுடுக், நம் மண்ணின் செடி, மெலஸ்டோமா. கிரேக்க மொழியில் 'கறுப்பு வாய்' என்று பொருள். பெயர் வைத்தவரும் தின்று பார்த்திருப்பார் போல!

[இரண்டு கிளைகள் அருகருகே]

இரண்டும் ஒரே குடும்பம். இலையில் காம்பிலிருந்து நுனிவரை நீளமாக ஓடும் நரம்புகளைப் பாருங்கள், அச்சு அசல். நம்முடையதற்குப் பெரிய ஊதாப் பூ. பழம் பழுத்தால் வெடித்து உள்ளே இருப்பதைக் காட்டும். வந்தேறிக்குச் சின்ன வெள்ளைப் பூ. பழம் வெடிக்காது, உருண்டையாகவே இருக்கும். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "முடி இருக்கே, இது நம்ம பழம் இல்லடா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இன்னொரு வேடிக்கை: நம் சாதுவான மெலஸ்டோமா ஹவாய்க்குப் போய் அங்கே வில்லனாகிவிட்டது! கிளிடெமியாவும் அங்கே வில்லன்தான். ஆனால் அதன் சொந்த ஊரில்? 2004ல் வெளியான ஓர் ஆய்வில், கோஸ்டாரிக்கா காட்டு நிழலிலும் ஹவாய் காட்டு நிழலிலும் இதை நட்டுப் பார்த்தார்கள். கோஸ்டாரிக்காவில் பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் அடித்தால்தான் நன்றாகப் பிழைத்தது. ஹவாயில் மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். அதாவது, ஊரில் இதைக் கடித்துக் கட்டுப்படுத்த ஆள் இருக்கிறது. வந்த இடத்தில் கேட்பாரில்லை.

அப்படியானால் அந்தப் பூச்சியையே கொண்டு வந்தால் என்ன? ஃபிஜியில் செய்தார்கள். 1930ல் டிரினிடாடிலிருந்து ஓர் இலைப்பேனைக் கொண்டு வந்து விட்டார்கள். வெயிலில் நின்ற செடிகளை நன்றாக அடக்கியது. ஆனால் அதற்கு நிழல் ஆகாது. காட்டுக்குள் நிழல்தானே அப்பா இருக்கிறது!

ஆகவே கைதான் ஆயுதம். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பாராங் கத்தியால் வீசிவிட்டு வந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பழத்தை அங்கேயே உதறக்கூடாது, பைக்குள் போட்டுக் கட்டுங்கள். ஷூவைத் துடையுங்கள். மண்ணில் விதை பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதனால் அடுத்த வருஷமும் அதே இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கொடிமலை 2021லிருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அனுமதியில்லாமல் நீங்களே போய்ப் பிடுங்கத் தொடங்காதீர்கள், ஆர்வத்தில் நம் செண்டுடுக்கைப் பிடுங்கிவிட்டால் அம்மா என்னைத்தான் திட்டுவார். முதலில் உங்கள் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள்.

அப்புறம், தோட்டத்தில் வளர்ந்த உங்கள் அப்பா அம்மா செண்டுடுக்குக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வார்கள்? கமென்ட்டில் எழுதுங்கள். எங்கள் அம்மாவுக்கு 'நாக்குப் பழம்' மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.