பையன் த்ரோ போடுகிறான் என்கிறார்கள், என்ன செய்வது?

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து ஒரு அப்பா அனுப்பியது. பையனுக்கு 13 வயது, ஆஃப் ஸ்பின் போடுகிறான், விக்கெட்டும் நன்றாக எடுக்கிறான். ஒரு பள்ளி மேட்சில் ஸ்கொயர் லெக் அம்பயர் வந்து, "தம்பி த்ரோ போடுற மாதிரி இருக்கு, பார்த்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார். பந்தை வீசாமல் முழங்கையை நீட்டி எறிகிறான் என்று பொருள். கோச் "கையை நேரா வை, நேரா வை" என்கிறாராம். நேராக வைத்தால் பந்து திரும்பவில்லை. "முரளிதரன் கை மடங்கியிருந்ததே சார், அவருக்கு மட்டும் எப்படி விட்டார்கள்? என் பையனுக்கு இது வராமல் தடுக்க என்ன வழி?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி, சரியான வயதில் கேட்டிருக்கிறார். முதலில் இலங்கை ஆஃப் ஸ்பின்னர் முரளி விஷயம். அது புரிந்தால்தான் பையன் விஷயமும் புரியும்.

கை மடங்கியிருப்பது குற்றமே இல்லை. பந்து வீசும் கை சுற்றி மேலே வரும்போது தோள் மட்டத்துக்கு வருகிறது அல்லவா, அந்தக் கணத்திலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை முழங்கை நீளக் கூடாது. விதி சொல்வது இவ்வளவுதான். மடங்கிய கை மடங்கியபடியே வந்து பந்தை விட்டால் அது முறையான பந்து. மணிக்கட்டை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். சர்வதேச ஆட்டங்களில், உலகக் கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி 15 டிகிரி வரை முழங்கை நீள்வதை அனுமதிக்கிறது. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. 1995 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்ட்டில் அம்பயர் டாரல் ஹேர், த்ரோ என்று சொல்லி அவருக்கு ஏழு முறை நோ-பால் கொடுத்தார். அன்று ஹேர் வெறும் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுத்தார். பிற்பாடு ஆய்வகத்தில் அளந்தபோது முரளியுடைய வழக்கமான ஆஃப் பிரேக்கில், அதாவது சாதாரண ஆஃப் ஸ்பின் பந்தில், பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. ஆஃப் பிரேக் போலவே வந்து மறுபக்கம் திரும்பும் தூஸ்ராதான் கேள்விக்குள்ளானது. 2004இல் அதை அளந்தபோது 14 டிகிரி, பயிற்சிக்குப் பிறகு 10 டிகிரி அளவுக்குக் குறைத்தார். ஆனால் அப்போது ஸ்பின்னர்களுக்கு வரம்பு 5 டிகிரிதான், அதனால் அந்தப் பந்தைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அவருக்காகத்தான் 15 ஆக்கினார்கள்" என்று இன்னும் பலர் பேசுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அதற்கு முன் ஸ்பின்னர்களுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று இருந்தது. அதிவேக கேமராக்களை வைத்து அளந்து பார்த்தபோது, சுத்தமான ஆக்‌ஷன் என்று உலகமே சொன்ன மெக்ராத், பொல்லாக் போன்ற வேகப் பவுலர்களின் முழங்கையும் நீள்வது தெரிந்தது. பழைய வரம்பை உண்மையாக அமல்படுத்தினால் பெரும்பாலான பவுலர்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் 2005இலிருந்து எல்லோருக்கும் ஒரே வரம்பு வந்தது.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. வெறும் கண் ஏமாறும். மேல் கை சுழலும்போது, மடங்கிய கை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும், அடுத்த நொடியில் மடங்கித் தெரியும். உண்மையில் முழங்கை அசைந்தே இருக்காது. ஆகவே அந்த அம்பயர் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதே சமயம் அலட்சியமும் செய்யாதீர்கள். கவனித்துச் சொன்னாரே என்று நன்றியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? பாகிஸ்தான் ஆஃப் ஸ்பின்னர் சயீத் அஜ்மலைப் பாருங்கள். 2009இல் அவர் பந்துவீச்சு மீது ஒரு முறை புகார் வந்து, சோதனையில் தேறினார். 2014இல் காலே டெஸ்ட்டில் மறுபடி புகார், பிரிஸ்பனில் சோதனை, செப்டம்பரில் தடை. அப்போது அவர் ஒருநாள் ஆட்டத்தில் உலகின் முதல் நிலைப் பவுலர், வயது 36. ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு, நம் சென்னையில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா மையத்தில் நடந்த சோதனையில் தேறி, 2015இல் திரும்பி வந்தார். ஆனால் பழைய பந்து திரும்பி வரவில்லை. வங்கதேசத்தில் சில ஆட்டங்களோடு அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்துபோனது. அந்த வயதில் உடம்பு ஒரு அசைவை எத்தனை லட்சம் முறை செய்து பழகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸின் சுனில் நரைன் ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு இன்றும் ஆடுகிறார், உண்மைதான். அவருக்குப் பின்னால் எவ்வளவு ஆட்கள், எவ்வளவு வசதி! நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. 13 வயதில் சில மாதங்களில் சரியாகிற விஷயத்தை 22 வயது வரை தள்ளிப்போடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். விக்கெட் எடுக்கிறானே, இருக்கட்டும் என்று கண்டும் காணாமல் விடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, எப்படித் தடுப்பது? "கையை நேரா வை" என்று கத்துவதால் பலன் இல்லை. முழங்கை தானாக நீளுவதில்லை. வேறு எங்கேயோ வேகமோ சுழலோ குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் முழங்கை வேலை செய்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்பின்னர் என்றால் நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன். முன்கால் ஊன்றும்போது முட்டி மடிந்து உடம்பு சரிகிறதா? முன்கை, அதாவது வலது கைப் பவுலருக்கு இடது கை, சீக்கிரமே கீழே விழுந்துவிடுகிறதா? அது விழுந்தால் நெஞ்சு முன்னதாகவே பேட்ஸ்மேன் பக்கம் திறந்துவிடும். இடுப்பும் தோளும் சுழன்று கொடுக்க வேண்டிய வேலையை யார் செய்வது? முழங்கைதான். இடது கையை இன்னும் கொஞ்ச நேரம் மேலே நிறுத்தி, முன்கால் மேல் உடம்பைச் சுழற்றக் கற்றுக்கொடுங்கள். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே முழங்கை அமைதியாவதை நீங்களே பார்ப்பீர்கள். பந்து திரும்பவில்லை என்கிறீர்களே, அதற்கும் மருந்து இதுதான். சுழல் விரலிலிருந்தும் உடம்பிலிருந்தும் வர வேண்டும்.

அப்புறம் பந்தின் அளவு. ஆண்கள் பந்து 156 கிராமுக்குக் குறையாது, 13 வயதுக்குட்பட்டவர்களுக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரைதான். சின்னக் கையில் பெரிய பந்தைக் கொடுத்து, 22 கஜத்துக்குப் போடு என்றால் பிள்ளை எறியத்தான் செய்வான். தூரத்தைக் குறையுங்கள், பிட்ச் முழுக்க எட்ட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். டென்னிஸ் பால் மேட்ச் அதிகம் ஆடுகிறானா என்றும் பாருங்கள். அந்தப் பந்தில் கனமே இல்லை, வேகம் வேண்டுமென்றால் முழங்கையைச் சொடுக்கினால்தான் வரும். அதே பழக்கம் கிரிக்கெட் பந்துக்கும் வந்துவிடுகிறது.

தூஸ்ரா வேண்டவே வேண்டாம், இந்த வயதில். முழங்கையை நீட்டாமல் அதைப் போடுவது பெரியவர்களுக்கே கஷ்டம். மறுபக்கம் திரும்பும் பந்து வேண்டுமா, கேரம் பால் இருக்கிறது, விரலால் சுண்டுவது, அஸ்வின் போட்டுவந்தது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு நல்ல ஆஃப் பிரேக் வரட்டும்.

செல்போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். அரைக்கைச் சட்டையோடு, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும். 2014 ஆசியக் கோப்பையில் அஸ்வின் முழுக்கைச் சட்டையோடு பந்து வீசினார், முழங்கையைக் கொஞ்சம் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கத்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். துணி எவ்வளவு மறைக்கும் என்று புரிகிறதல்லவா? எடுக்கும்போது முதல் ஓவரை மட்டும் எடுக்காதீர்கள். களைத்த பிறகு ஆறாவது, ஏழாவது ஓவர், அப்புறம் அவன் போடும் வேகமான பந்து, இவற்றை எடுங்கள். தப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். களைப்பில் மட்டும் வருகிறது என்றால் ஓவரைக் குறைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழங்கையில் பட்டை கட்டிப் பழக்குகிறார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பட்டையைக் கழற்றினால் பழைய கை வந்துவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து போடுவது, பிறகு ஓரடி நடந்து, பிறகு மெதுவான ஓட்டம், இப்படிப் படிப்படியாக வாருங்கள். ஒரு படியில் முழங்கை நீண்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

செல்போன் படம் சந்தேகத்தைச் சொல்லும், டிகிரியைச் சொல்லாது. இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் சந்தேகம் போகவில்லை என்றால், உடலசைவை முப்பரிமாணத்தில் அளக்கும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை மேட்சில் போடட்டுமா என்று கேட்பீர்கள். ஆஃப் பிரேக் சுத்தமாக இருந்தால் அதை மட்டும் போடட்டும், வேகமான பந்தை நிறுத்தி வையுங்கள். பையன் முன்னால் "த்ரோ", "ஏமாற்று" போன்ற சொற்களை யாரும் சொல்ல வேண்டாம் என்று கோச்சிடமும் பேசிவிடுங்கள். அவன் யாரையும் ஏமாற்றவில்லை, அவன் உடம்பு கண்டுபிடித்த குறுக்குவழி அது. வீடியோ எடுத்தால் எனக்கு அனுப்புங்கள் ஐயா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.