நூல் கடிக்கிற வாயும் தாடை வலியும்

வணக்கமுங்க, எல்லாரும் சௌக்கியமுங்களா? போன வீடியோவுல "ஏனுங்கக்கா, சிரிக்கறப்பெல்லாம் கன்னத்தைப் புடிச்சுக்கறீங்க?"ன்னு நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அந்தக் கதைதானுங்க.

மூணு மாசமா காதுக்கு முன்னால வலி. காலைல எந்திரிச்சா தாடை இறுகிப்போயிக் கெடக்கும். கொட்டாவி விட்டா 'டிக்'குனு ஒரு சத்தம். காதுலதான் என்னமோன்னு காது டாக்டர்கிட்ட ஓடுனேன். காது நல்லாத்தான் இருக்கு, பல் டாக்டரைப் பாருங்கன்னுட்டார்.

இங்க விரல் வெச்சுப் பாருங்க, காது ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னால. வாயைத் தொறந்து மூடுங்க. நகருதுங்களா? அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் மாதிரி சும்மா திரும்பறது மட்டுமில்லீங்க, வாயைப் பெருசாத் தொறந்தா முன்னாலயும் வழுக்கிட்டு வருது. நடுவால மெத்தையாட்ட ஒரு தட்டு இருக்கு. அது எடம் பிசகுனா சத்தம் வருமாம். வலியில்லாம சத்தம் மட்டும்னா நெம்பப் பேருக்கு வைத்தியமே வேண்டாமுங்களாம்.

நான் திருப்பூர்ல சிங்கர் டைலர், அதாவது சிங்கர் தையல் மிஷின்ல துணி தைக்கற வேலைங்க. பனியன் கம்பெனிக்குப் போறவங்களுக்குத் தெரியும், பீஸ் ரேட்டுல, அதாவது தைக்கற ஒவ்வொரு உருப்படிக்கும் இவ்வளவுன்னு கூலில இருக்கறப்ப கத்தரி எடுக்க யாருக்குங்க நேரம்? நூலைப் பல்லுலயே கடிச்சுத் துப்பிட்டுப் போயிட்டே இருப்போம். முன்பல்லுல கடிக்கோணும்னா கீழ்த்தாடையை முன்னால தள்ளோணும். ஒரு தடவை, ரெண்டு தடவையா? ஒண்ணரை ஷிப்ட் பூராவும் அதே வேலை. அதுதான் காரணம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா நான் போய்ப் பார்த்த பல் டாக்டரம்மா வேற ஒண்ணு கேட்டாங்க. "இப்ப வாயை மூடித்தானே இருக்கீங்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுட்டு இருக்கா?" பார்த்தா, இறுக்கிக் கடிச்சுட்டு உக்காந்திருக்கேன்! சும்மா இருக்கறப்ப உதடுதான் மூடியிருக்கோணும், பல்லுக்கு நடுவால 2லிருந்து 4 மில்லிமீட்டர் எடைவெளி இருக்கோணுமாம். மிஷின் மிதிக்கறப்ப, கணக்குப் பாக்கறப்ப, வட்டிக்காரர் போன் வர்றப்பன்னு நான் நாள் பூரா கடிச்சுட்டேதான் இருந்திருக்கேன். ராத்திரித் தூக்கத்துல வேற நறநறன்னு கடிக்கறேன்னு எங்கூட்டுக்காரர் சாட்சி.

நகம் கடிக்கறது, சுயிங்கம் மெல்லறது, பேனா மூடியைக் கடிக்கறது எல்லாம் இதுல சேத்திதானுங்க. ஆனா எங்க மாமியார் கொட்டைப்பாக்கை இன்னைக்கும் கடகடன்னு கடிக்கறாங்க, அவங்களுக்கு ஒரு வலியுமில்ல! பழக்கத்தோட மனசுல இருக்கற வெசனம், தூக்கம், எப்பவோ பட்ட அடின்னு பலதும் கூடித்தான் வருமாம்.

எனக்குச் சொன்னது: கொஞ்ச நாளைக்குக் கொழையச் சாப்பாடு, வெதுவெதுப்பா ஒத்தடம், ராத்திரிக்குப் பல்லுல மாட்டற உறை. வாய் தொறக்காம மாட்டிக்கிட்டா உடனே வாங்கன்னாங்க. நடக்கறப்ப தாடை வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வைன்னு வந்தா அது இருதய சமாச்சாரமா இருக்கலாம், பல்லுன்னு நெனச்சுட்டு இருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடோணுங்க.

அப்பறம் ஒரு வித்தை. 'ன்'னு சொல்லிப் பாருங்க. நாக்கு முன்பல்லுக்குப் பின்னால மேல ஒட்டும், பல்லு தானாப் பிரியும். நெனப்பு வர்றதுக்காக மிஷின் தலைல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கேன். அதைப் பாக்கறப்பெல்லாம் ஒரு 'ன்'.

ஆறு வாரத்துல வலி பாதிக்கு மேல கொறைஞ்சிருக்குங்க. பக்கத்து மிஷின் அம்மிணி, "மிஷினுக்கெல்லாம் எதுக்குங்கக்கா பொட்டு?"ன்னு சிரிச்சா. கதையைச் சொன்னேன். அன்னைக்கு மத்தியானமே வந்து என்ற கத்தரியைக் கேட்டு வாங்கிட்டுப் போனா, இன்னும் திருப்பித் தரலீங்க.