வெறும் தகவலுக்கு ஐசி எண் எதற்கு?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். ஐசி, அதாவது அடையாள அட்டை, நகல் எடுக்க வரும் தோட்டத்துப் பெரியவர்கள், தாள் கைக்கு வந்ததும் பேனா கேட்பார்கள். நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் ‘வங்கிக் கணக்குக்கு மட்டும்’ என்று எழுதுவார்கள். அப்புறம்தான் உறையில் போடுவார்கள்.

அதே வீட்டுப் பிள்ளைகள் அதே ஐசியைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத குடிநுழைவுத் தகவல் தளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் பகுதிப் பாட்டி ஒருவர் பழநிக்குப் போக ஆசைப்பட்டார். பேரன் இந்திய விசா பற்றித் தேடினான். முதலில் வந்த தளத்தில், ‘எந்த விசா பொருந்தும் என்று இலவசமாகச் சொல்கிறோம்’ என்று ஒரு பாரம். பாட்டியின் பெயர், பாஸ்போர்ட் எண், ஐசி எண், கைப்பேசி எண், அப்பா அம்மா பிறந்த ஊர் என்று எல்லாவற்றையும் நிரப்பினான். ஒரு வாரத்தில் கடன் தருகிறோம், காப்புறுதி எடுங்கள் என்று அழைப்பு மேல் அழைப்பு. “என் பேரு அவனுக்கு எப்படிய்யா தெரியும்?” என்று கடைக்கு வந்த பாட்டியின் குரல் நடுங்கியது.

தளத்தைத் திறந்து பார்த்தோம். அடியில், பொடி எழுத்தில், விவரங்களைக் கூட்டாளி நிறுவனங்களோடு பகிர்வோம் என்று இருந்தது. ஆங்கிலத்தில்தான். அழைத்தவர்கள் இதன்வழி வந்தவர்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பகிர்வதாக அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் ஐசி எண்ணைச் சும்மா 12 இலக்கம் என்று நினைக்காதீர்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம்; பேராக்கில் பிறந்தவருக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணைக் கொடுத்தாலே பாதி ஆளைக் கொடுத்த மாதிரி.

உண்மையான விசா விண்ணப்பத்தில் பெற்றோர் பிறந்த ஊர், மதம் வரைக்கும் கேட்பார்கள்தான். அது இந்திய அரசின் தளம். முகவரி ஜி, ஓ, வி, புள்ளி, ஐ, என் என்று முடியும். விசா விதியை விளக்க மட்டுமே இருக்கும் தளத்துக்கு நம் பெயர்கூடத் தேவையில்லை.

நம் மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024 திருத்தத்துக்குப் பிறகு, அதன் கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். எதற்காக விவரம் வாங்குகிறார்கள், யாருக்குத் தருவார்கள் என்று தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு தர வேண்டும். தமிழில் தரச் சட்டம் கேட்கவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பாட்டி அதை எப்படி வாசிப்பார்? எனக்கு இது பெரிய மனவருத்தம்.

கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். விளம்பரத்துக்கு என் விவரத்தைப் பயன்படுத்தாதே என்றும் எழுதலாம். பாட்டி பெயரில் நாங்கள் எழுதினோம். தளத்தை நடத்துவது வெளிநாட்டு நிறுவனம். அங்கே நம் சட்டத்தின் கை அவ்வளவாக எட்டாது. பதில் வரவில்லை.

சரி, விசாவை அரசுத் தளத்திலேயே கடையில் உட்கார்ந்து விண்ணப்பித்தோம். பங்குனியில் பாட்டி பழநிக்குப் போய் வந்து, எனக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். எடுக்கவில்லை.

நன்றி, வணக்கம்.