வீட்டுக்குள் ஒரு செய்தியோடை

டர்பன் நேயர்களுக்கு வணக்கம்.

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ்நாட்டுச் செய்தி, கிரிக்கெட், உறவினர் வீட்டு விசேஷம் எல்லாமே இன்று சமூக ஊடகம் வழியாகத்தான் வருகின்றன. எது முதலில் தெரிய வேண்டும், எது கண்ணிலேயே படக்கூடாது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

இதற்கு மாற்றாக, இணையதளங்களின் புதிய பதிவுகளை நேரடியாக நமக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் என்ற தொழில்நுட்பம் உண்டு. 1999-இல் வந்த அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும், அதுதான் செய்தியோடை. ஓடைவாசிப்பான் என்ற மென்பொருள் அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, வந்ததை வந்த வரிசையில் காட்டும். கூகுள் ரீடர் என்ற வாசிப்பான் இதை இலவசமாகச் செய்தது. எல்லோரும் அங்கே போய்க் குடியேறினோம். 2013 ஜூலை 1-இல் கடையை மூடிவிட்டார்கள்.

ஆகவே வாசிப்பான் நம் வீட்டுக் கணினியிலேயே இருக்கட்டும் என்கிறேன். அப்படி நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய வாசிப்பான்கள் இரண்டு: மினிஃப்ளக்ஸ், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். கட்டற்ற மென்பொருளான மினிஃப்ளக்ஸ் வேகமானது, ஆனால் தனியாக நிறுவ வேண்டிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இல்லாமல் ஓடாது. ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸுக்கு எஸ்க்யூலைட் என்ற எளிய தரவுத்தளமே போதும். புதியவர்களுக்கு என் சிபாரிசு இரண்டாவதுதான். உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியில்கூட அது ஓடும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருந்தது: லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது. இன்றும் எக்காரணத்தாலாவது கரண்ட் போனால் அதே சிக்கல்தான். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளங்களின் ஓடையில் வழக்கமாகக் கடைசி 10 பதிவுகள்தான் இருக்கும். கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில் ஒரு செய்தித்தளம் 15 செய்தி போட்டால், பழைய ஐந்து ஓடையிலிருந்து விழுந்துவிடும். கரண்ட் வந்தபின் போய்க் கேட்டாலும் கிடைக்காது. 2023-இல் பலர் ரௌட்டருக்கென்று சிறிய பேட்டரி வாங்கி வைத்தோமே, அதில் யூஎஸ்பி துளை இருந்து, மின்சாரமும் போதுமான அளவு தந்தால், அந்த ராஸ்பெர்ரி பை கணினியையும் அதிலேயே இணைத்துவிடலாம்.

யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. பலருக்கு இது தெரியாது. வாசிப்பானில் நீங்கள் சேர்த்துள்ள ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (வாசிப்பான்கள் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்) இறக்கி, பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். ராஸ்பெர்ரி பையில் உள்ள எஸ்டி கார்டை மட்டும் நம்பாதீர்கள். நாளைக்கு மினிஃப்ளக்ஸுக்கு மாறினாலும் அதே கோப்பு உதவும்.

கோயில் கமிட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம். காவடி, தீமிதி தேதிகளை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுகிறீர்கள். குழுவில் இல்லாதவருக்கு அது எட்டுவதில்லை. உங்கள் கோயிலுக்கு வேர்ட்பிரஸ் தளம் இருந்தால், அங்கேயும் ஒரு பதிவு போடுங்கள். ஓடை தானாகவே உருவாகிவிடும். உங்களுக்கு வேறு வேலை கிடையாது.

நன்றி, வணக்கம்.